பங்குனி ஆமையின் செயற்கைக்கோள் தடம் அரபிக் கடலுக்குத் தாவுகிறது: பிழை எங்கே இருக்கக்கூடும்?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, காரைக்குடி

வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏழு பேர், ஒடிசாக் கரையில் முதுகோட்டின்மேல் கருவி ஒட்டி விடப்பட்ட ஒரு பங்குனி ஆமையின் பயணத்தை, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்டுள்ள ஆர்கோஸ் என்னும் செயற்கைக்கோள் முறையின் தரவைக் கொண்டு வரைந்து வருகிறார்கள். முதல் நாள் வரைந்த புள்ளிகளெல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே போய் விழுந்தன. அட்சரேகை 10, தீர்க்கரேகை 80 என்று இருக்க வேண்டியவை இடம் மாறிப் படிக்கப்பட்டதுதான் காரணம் என்பதை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள்.

இப்போதுள்ள சிக்கல் எங்களுக்குப் பிடிபடவில்லை. கோடிக்கரைக்குக் கிழக்கே நிற்கும் ஆமை, சில மணி நேரத்தில் லட்சத்தீவுப் பக்கம் தோன்றி, மறுபடியும் வங்கக் கடலுக்குத் திரும்புகிறது. சில புள்ளிகள் புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவே தரையில் விழுகின்றன. எல்லாப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால், ஆமை தெற்கே வருவதும் ஒடிசாவுக்கே போய்விடுவதுமாகப் பலமுறை அலைகிறது. தரையில் விழுந்தவற்றை அழித்துவிடலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள். காரணம் தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். வரைபடத்தை ஒரு மாணவியின் வீட்டு வளவில் விரித்து வைத்திருக்கிறோம். அவளுடைய அப்பத்தா தினமும் மாலையில் வந்து, ஆமை எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிக்கிறார். அவருக்குத் தவறான இடத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: கடலியல் ஆய்வு மாணவி, தொண்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அழிக்காமல் வைத்திருப்பது மிகவும் சரி. அரபிக் கடலுக்குத் தாவும் புள்ளிகளின் அட்சரேகையை அதற்கு முந்தைய புள்ளியின் அட்சரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், அது கண்ணாடிப் பிம்பம் போன்ற பிழையாகும்.

ஆர்கோஸ் முறையில் ஆமையின் கருவி தன் இருப்பிடத்தைத் தானே அறிவதில்லை, 401.65 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞையை மட்டும் அனுப்புகிறது. ஏறத்தாழ 850 கி.மீ. உயரத்தில் துருவங்களைச் சுற்றி வரும் செயற்கைக்கோள், நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் அந்த அதிர்வெண் மாற்றத்திலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து, இடம் கணக்கிடப்படுகிறது. இக்கணக்குக்கு எப்போதும் இரண்டு விடைகள் வரும்: செயற்கைக்கோள் கடந்துபோன பாதைக்கு ஒரு பக்கத்தில் உண்மையான இடம், மறுபக்கத்தில் அதன் பிம்பம். பாதை ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுவதால் பிம்பம் கிழக்கிலோ மேற்கிலோ விழுகிறது. சமிக்ஞைகள் குறைவாக இருக்கும்போது கணினி தவறான பக்கத்தைத் தேர்ந்துவிடுவதுண்டு. உங்கள் கோப்பில் இரண்டாவது அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகள் இருந்தால், கைவிடப்பட்ட அந்த மற்றொரு விடை அங்கேயே இருக்கும்.

இடத்தரம் என்ற பத்தியையும் பாருங்கள். 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2 என்றால் 500 மீட்டருக்குள், 1 என்றால் 1500 மீட்டருக்குள், 0 என்றால் அதற்கும் மேல். ஏ, பி ஆகியவற்றுக்குப் பிழையளவு தரப்படுவதில்லை. இசட் செல்லாதது, அதை மட்டும் விலக்கிவிடலாம். ஏ, பி இரண்டையும் சேர்த்து நீக்கிவிடாதீர்கள். கருவி நீருக்கு வெளியே இருக்கும்போது மட்டுமே சமிக்ஞை செல்லும். ஆமை மூச்சுவிடச் சிறிது நேரமே மேலே வருவதால், ஆமைத் தரவில் பெரும்பகுதி அந்த இரண்டு தரங்களாகவே அமைகிறது.

மறுமொழி: நிலவரைபடப் பணியாளர், தேவகோட்டை

ஒடிசாவுக்குத் திரும்பத் திரும்பப் போவது வேறு பிழை என்று கருதுகிறேன். தேதிப் பத்தியைப் பாருங்கள்: சில தேதிகள் கட்டத்தின் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டி நிற்கின்றனவா? நிற்குமானால், மாதம் முதலில், நாள் அடுத்து என்று எழுதப்பட்ட கோப்பை, நம் கணினி நாள் முதலில் என்று படித்திருக்கிறது. மார்ச் 5 மே 3 ஆகிவிடும். மார்ச் 14க்கு அவ்வாறு மாற இடமில்லாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள்களே இப்படிக் குலைவதால், பிழை உடனே கண்ணில் படாது. விரிதாளுக்குள் திருத்த முயலாமல், மூலக் கோப்பை மீண்டும் திறந்து, விரிதாளில் ஏற்றும்போதே தேதியின் வரிசையைக் குறிப்பிடுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும்.

கேட்டவர்: காரைக்குடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதி அப்படியே குலைந்திருந்தது. திருத்தியதும் ஒடிசாவுக்குப் போய் வரும் கோடுகள் மறைந்தன. லட்சத்தீவுப் புள்ளிகள் மூன்றிலும் அட்சரேகை அதிகம் மாறவில்லை. இரண்டாவது விடை வங்கக் கடலிலேயே இருந்தது. தரையில் விழுந்தவற்றுள் நான்கு இசட், இரண்டு பி. இனி வேகத்தைக் கொண்டு சரிபார்க்கலாமா? கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லாததால், ஆமை இறந்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

மறுமொழி: கடலியல் ஆய்வு மாணவி, தொண்டி

சரிபார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேகம் மணிக்கு 5 கி.மீ.யைத் தாண்டினால் ஐயத்துக்குரியதாகக் கொள்வது ஆமை ஆய்வுகளில் பரவலான வழக்கம். ஆனால் பத்து நிமிட இடைவெளியில் கிடைத்த இரு புள்ளிகளில் ஒன்றரைக் கி.மீ. பிழை இருந்தாலே வேகம் மணிக்கு 9 கி.மீ. என்று வந்துவிடும், அத்தகைய இணைகளில் தரம் உயர்ந்த புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். விலக்கியவற்றை அழிக்காமல் வெற்று வட்டமாகக் காட்டுங்கள்.

சமிக்ஞை நின்றதை வைத்து ஆமை இறந்துவிட்டதென்று முடிவு செய்ய முடியாது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், அலைவாங்கி முறிந்திருக்கலாம், பசை விட்டுக் கருவியே கழன்றிருக்கலாம். நீரை உணரும் முனைகளின்மேல் கடலுயிர்கள் படர்ந்தால், கருவி மேலே வந்த பிறகும் நீருக்குள் இருப்பதாகவே எண்ணி அனுப்பாமல் இருந்துவிடும். வலையில் சிக்கி இறந்திருக்கவும் கூடும். அதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். இவற்றுள் எது என்பதை இந்தக் கோப்பு சொல்லாது.

கேட்டவர்: காரைக்குடி

அப்படியே செய்துவிட்டோம். ஐயத்துக்குரியவை வெற்று வட்டங்களாகவும், சமிக்ஞை பல நாள் கிடைக்காத இரண்டு இடங்கள் விட்டுவிட்டு வரைந்த கோடாகவும் உள்ளன. இலங்கையின் கிழக்கே முடியும் கடைசிப் புள்ளியில் "இங்கே வந்து சேர்ந்தது" என்று எழுதியிருந்ததை மாணவர்கள் அழித்துவிட்டு, "கடைசியாகச் சமிக்ஞை கேட்ட இடம்" என்று தேதியோடு எழுதினார்கள். அதன் பொருளை அப்பத்தாவுக்கு அந்த மாணவியே விளக்கிச் சொன்னாள்.