பானெட்டைத் திறந்தால் இன்னும் சிவப்புதான்

முதல் பதிவு

பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சரிசெய்து, வினைல் ராப் (பெயிண்டுக்கு மேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் நிற ஃபிலிம்) ஒட்டி நிறம் மாற்றியவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதலாமே என்று இதைத் தொடங்குகிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் 1991ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டா என்றால் பலருக்குச் சட்டெனப் பிடிபடும். இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1.6 லிட்டர் இன்ஜின், ஆயிரம் கிலோவைத் தொடாத எடை, சுவிட்சைத் தட்டினால் மேலே எழும்பும் முன்விளக்குகள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்த முதல் தலைமுறை. நான் பார்க்கப் போனபோது அது ஆறு வருடமாக ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. வேறு பேட்டரி போட்டு விளக்கைத் தட்டினோம். ஒன்று எழுந்தது, மற்றது அசையவில்லை. கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் எங்கே பேரம் பேசுவது!

நிறம் சிவப்பு. அதாவது ஒரு காலத்தில் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் கிளியர் கோட் என்கிற நிறமற்ற காப்புப் பூச்சு கிடையாது, வெயில் நேரடியாகப் பெயிண்டைத் தின்னும். பானெட்டும் பின் மூடியும் வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தன. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கார் சிவப்பதற்கு முன் துணி சிவந்தது.

எனக்கோ கரும்பச்சை வேண்டும். 1903இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் பந்தயத்துக்கு பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூசிக்கொண்டு போனதிலிருந்து சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே அந்தப் பச்சைக்கு ஒரு மவுசு. மாஸ்டாவே 1991இல் அந்த நிறத்தில் ஒரு சிறப்புப் பதிப்பு விட்டது. சரி, பெயிண்டா, ஸ்டிக்கரா? பெயிண்ட் என்றால் டிங்கரிங், பட்டி, பிரைமர், உப்புத்தாள் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்டிக்கர் என்றால் மேலே ஒட்டினால் முடிந்தது. இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். எவ்வளவு தப்பான கணக்கு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்றி, இறுகிப்போன பின் பிரேக் காலிப்பர்களைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் கிளம்பிவிட்டது. கிளட்சைத் தள்ளும் எண்ணெய் உருளை, அதாவது ஸ்லேவ் சிலிண்டர், ஒழுகியது. ஒழுகாத பழைய மியாட்டாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலை வைத்தது உடம்புதான். இந்த வண்டியில் கூரைத் துணியில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகால் குழாய்களில் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். குழாயில் இலைதழை அடைத்தால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும். வெளியே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். இடது பக்கம் ஒரு கொப்புளம் மட்டும் தெரிந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். காய்ந்த சருகில் குத்தினாற்போல் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. குழாயில் கம்பி விட்டுக் குடைந்ததில் மட்கிய இலைகளோடு ஒரு சட்டைப் பொத்தானும் வந்தது.

துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க ஒரு பெரியவர் வந்தார். டிங்கரிங் வேலையில் பழுத்தவர். அவரிடம் நான் பெரிய புத்திசாலி மாதிரி, "ரொம்ப நுணுக்கமா வேண்டாம்ணே, மேல ஃபிலிம் ஒட்டப் போறேன்" என்றேன்.

"ஃபிலிம் என்ன கனம் தம்பி?"

"பசையோட சேர்த்து 90 மைக்ரான் இருக்கும்."

"அப்ப எழுதுற பேப்பர் கனம். பேப்பரை ஒட்டிப் பள்ளத்தை மறைக்கலாம்னு யார் சொன்னா?"

அதற்கு மேல் பேசவில்லை. மெல்லிய துணி ஒன்றை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது பின் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) மேல் மெதுவாகக் கையை ஓட்டினார். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடு பள்ளம் மட்டும் தெரியும் என்றார். மூன்று இடத்தில் நிறுத்திச் சாக்பீஸால் வட்டம் போட்டார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இப்ப தெரியாது. பளபளன்னு ஏதாவது ஒட்டினப்புறம் தெரியும்" என்றார். ஆக, எந்த வேலையைத் தவிர்க்க ஸ்டிக்கரைத் தேர்ந்தெடுத்தேனோ அதே வேலையை ஒன்றுவிடாமல் செய்தோம். பட்டி, பிரைமர், உப்புத்தாள் எல்லாம்தான்.

ஃபிலிம் வாங்கும்போது காஸ்ட், காலண்டர்டு என்று இரண்டு வகை காதில் விழும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. காலண்டர்டு உருளைகளுக்கு இடையில் நசுக்கி நீட்டிச் செய்வது. நசுக்கி நீட்டியது பழைய அளவுக்குச் சுருங்கத்தான் பார்க்கும், வளைவுகளில் நிற்காது. காருக்குக் காஸ்ட்தான். சுருள் 152 செ.மீ. அகலத்தில் வரும், பெரும்பாலான பகுதிகளை ஒரே துண்டில் மூடிவிடலாம்.

சாடின், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்காமல் மென்மையாக மின்னும் கரும்பச்சை வாங்கினேன். காரைக் கழுவி, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கவென்றே விற்கும் களிமண் கட்டியால் தேய்த்து, கைப்பிடி, விளக்கு, ஆன்டெனா, எழுத்துகள் எல்லாவற்றையும் கழற்றி, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தோம். "துடைத்தோம்" என்றால் நானும் என் மச்சானும். பானெட்டில் ஃபிலிமை நான்கு மூலையும் பிடித்து விரித்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியை (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் தட்டையான பட்டை) இழுத்துக்கொண்டே போனால் போதும். பசையில் நுண்ணிய கால்வாய்கள் இருப்பதால் காற்று தானாக வெளியேறும். அரை மணி நேரத்தில் பானெட் முடிந்தது. இவ்வளவுதானா என்று கர்வம் வந்துவிட்டது. அப்புறம் சாயங்கால வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் சரியாக நடுவில் ஒரு மணல் துகள். சருமத்தில் பரு மாதிரி. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முன் பம்பர் கர்வத்தை எடுத்துவிட்டது. மியாட்டாவின் முன்வாய் உருண்டையாக உள்ளே மடியும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் சூடாக்கி இழுத்தேன், வந்தது, இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. ஆறியதும் பார்த்தால் வாயின் ஓரத்தில் பச்சை வெளுத்து வேறு நிறமாக இருந்தது. அளவுக்கு மீறி இழுத்தால் நிறமும் மெலியும், நாளடைவில் பள்ளத்திலிருந்து கிளம்பியும் வரும். அந்தத் துண்டு குப்பைக்குப் போனது. இரண்டாவது முறை உள்மடிப்புக்குத் தனித்துண்டு முதலில் ஒட்டி, மேலே பெரிய துண்டைப் போட்டோம். கூர்ந்து பார்த்தால் ஒட்டுக்கோடு தெரியும். நான் காட்டினால்தான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்.

எழும்பும் விளக்குகளின் மூடிகளில் ஃபிலிமை ஓரத்தோடு வெட்டிவிடாதீர்கள். உள்பக்கம் நன்றாக மடித்து ஒட்டுங்கள். நான் ஓரத்தோடு வெட்டினேன். பத்தாவது முறை விளக்கு எழுந்தபோது ஓரம் உரசி நாக்கு மாதிரி கிளம்பிவிட்டது.

எல்லாம் ஒட்டியபின் ஓரங்களையும் பள்ளங்களையும் மறுபடி சூடாக்க வேண்டும். அப்போதுதான் ஃபிலிம் தன் பழைய வடிவத்தை மறக்கும். என் ஃபிலிமுக்குச் சுமார் 100 டிகிரி செல்சியஸ். கையை வைத்துப் பார்த்து ஊகிக்காமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தோம். மச்சானுக்கு இந்த வேலையில்தான் அதிக சந்தோஷம், துப்பாக்கி பிடித்த மாதிரி அதோடுதான் திரிந்தான்.

இனி என் பெரிய தவறு. சில் பகுதியில் புதுத் தகட்டுக்கு அடித்த பெயிண்ட் கைக்குக் காய்ந்திருந்தது. ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெயிண்ட் கைக்குக் காய்வது வேறு, உள்ளே இருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேறுவது வேறு. அதற்குப் பல வாரம் விட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. ஒட்டிய மூன்றாவது வாரம் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குமிழிகள். ஊசியால் குத்தி அமுக்கினேன், மறுநாள் பக்கத்தில் புதிதாக வந்தன. கடைசியில் ஃபிலிமை உரித்தால் பெயிண்டும் பிரைமரும் அதோடு சேர்ந்து வந்து, வெறும் தகடு என்னைப் பார்த்தது.

இப்போது கார் பச்சை, இரண்டு சில்லும் சாம்பல் நிற பிரைமர். கதவைத் திறந்தால் ஓரமெல்லாம் சிவப்பு, பானெட்டைத் திறந்தாலும் சிவப்பு. உள்ளேயும் ஒட்டுவார்கள், ஆனால் அதற்குப் பாதிக் காரைக் கழற்ற வேண்டும். எனக்குத் தெம்பில்லை. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பதில்

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் மறுமுனையில் அடிபட்டவன். ஏற்கெனவே ராப் ஒட்டிய ஒரு நிஸ்ஸான் 350இசட் வாங்கினேன். மேட் கறுப்பு, பார்க்க மிரட்டலாக இருந்தது. ஒரிஜினல் பெயிண்டைப் பாதுகாக்க ஒட்டியது என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன்.

இரண்டு வருடத்தில் பானெட்டில் ஃபிலிம் வெடிக்க ஆரம்பித்தது. படுத்தவாக்கில் இருக்கும் பகுதிகள்தான் முதலில் போகும், வெயில் நேராக அங்கேதானே விழுகிறது. உரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல நிலையில் இருக்கும் ஃபிலிமைச் சூடாக்கி, காரோடு ஒட்டினாற்போல் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் பெரிய துண்டாக வரும். காய்ந்துபோனது வராது. நகம் அளவுத் துண்டுகளாக, நான்கு சனி ஞாயிறு உரித்தேன். பசை தனியாகத் தங்கியது, அதற்கு வேறு கரைப்பான், வேறு துணி, வேறு முதுகுவலி.

வலது பின் ஃபெண்டரில் கிளியர் கோட்டும் கூடவே வந்தது. அதன் கீழே ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. வண்டி எப்போதோ பக்கவாட்டில் நன்றாக அடி வாங்கியிருக்கிறது. ராப் ஒட்டிய காரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஃபிலிம் மெல்லியது, அதைத் தாண்டிக் காந்தம் இரும்பைப் பிடிக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. ஆனால் இந்த வண்டியின் பானெட் அலுமினியம், பம்பர் பிளாஸ்டிக். அங்கே வைத்துப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். நான் பதறினேன்.

பதில்

என்னுடையது சின்னக் கதை. மெட்டாலிக் சாம்பல் ஃபிலிம். கடைசிக் கதவுக்கு நீளம் போதவில்லை. மிச்சத் துண்டைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் சரியாக வந்தது. புத்திசாலித்தனம் என்று நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நிழலில் ஒரு வித்தியாசமும் இல்லை. வெளியே எடுத்தபோது அந்தக் கதவு மட்டும் வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டின மாதிரி நின்றது. உள்ளே இருக்கும் மினுமினுப்புத் துகள்களுக்குத் திசை உண்டு. சுருளின் பின்பக்கத் தாளில் அம்புக்குறியே அச்சடித்திருக்கிறார்கள். அதை உரித்துக் குப்பையில் போட்டபின் பார்த்தேன்.

இன்னொன்று, கூடுதலாக வாங்க வேண்டியிருந்தால் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

பதில்

முதல் பதிவு எழுதியவருக்கு இரண்டு கேள்வி. பதிவுச் சான்றில் சிவப்பு என்றுதானே இருக்கும், அதற்கு என்ன செய்தீர்கள்? சாடினை எப்படிக் கழுவுகிறீர்கள்?

முதல் பதிவு எழுதியவர்

ஒட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரர்களிடமும் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். விதி இடத்துக்கு இடம் மாறும், அதனால் என் பதிலை நம்பாமல் நீங்களே கேட்டுவிடுங்கள். ஒட்டியபின் கேட்பதுதான் வம்பு.

கழுவுவது கையால் மட்டும். தூரிகை சுழலும் இயந்திரத்துக்குள் விடுவதில்லை. சாடினில் மெழுகோ பாலிஷோ போட்டால் அங்கங்கே பளபளப்புத் திட்டு விழும், கீறலைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. பறவை எச்சமும் பெட்ரோல் சிந்தலும் பட்டால் அப்போதே துடைத்துவிடுவேன். பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு துணி எப்போதும் இருக்கும். பிரஷர் வாஷரை ஓரங்களுக்கு நேராகக் காட்டுவதில்லை, தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும்.

சில்லுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தாயிற்று. இந்த முறை பெரியவர் சுவரில் சாக்பீஸால் ஒரு தேதி எழுதிவிட்டு, "இதுக்கு முன்னாடி அந்தச் சுருளைத் தொட்டா எனக்கு போன் வரும்" என்றார். மச்சானிடம்தான் சொல்லி வைத்திருக்கிறார் போல. தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் நேற்று வடிகால் குழாய்களில் ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தோம். வலது பக்கம் உடனே வந்தது. இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டச் சொட்ட வந்தது.