எலைசா: 'உறிஞ்சு' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை எதிர்ப்பொருளும் (antibody) நொதியும் (enzyme) கொண்டு அறியும் ஆய்வக முறையான எலைசாவுக்கு (ELISA, enzyme-linked immunosorbent assay) 'நொதிசார் எதிர்ப்பொருள் உறிஞ்சுச் சோதனை' என்ற தமிழ்ப்பெயரை முன்மொழிந்திருக்கிறீர்கள், ஐயா. நொதியை முன்னால் வைத்தது சரி. 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மான் என்ற ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்டபோது, அதுவரை கதிரியக்கத் தனிமம் செய்த அடையாளம் காட்டும் வேலையைத்தான் நொதியிடம் கொடுத்தார்கள். ஆனால் 'உறிஞ்சு', 'சோதனை' இரண்டையும் மாற்ற வேண்டும்.

பஞ்சு நீரை உறிஞ்சும். இங்கே அப்படி எதுவும் உள்ளே போவதில்லை. தட்டிலுள்ள 96 குழிகளின் பரப்பில் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பன்றியின் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) விட்டால், அதிலுள்ள ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தை அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும். கழுவிய பிறகு இன்னொரு எதிர்ப்பொருள் மறுபக்கம் பிடிக்கும். அதோடு இணைந்த நொதி, நிறமற்ற கரைசலை நீலமாக்கும். அமிலம் விட்டால் மஞ்சளாகும். அதை 450 நானோமீட்டரில் அளப்போம். ஆய்வகத்தில் இதைச் 'சாண்ட்விச்' என்கிறோம். 'இருபிடி' என்று சொல்லிப் பாருங்கள், செய்முறையே கண்ணில் தெரிகிறது.

'சோதனை' என்றால் உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடும். ஹாப்டோகுளோபின் நலமான பன்றியிடமும் உண்டு, அழற்சி வந்தால் கூடும். எவ்வளவு என்பதே கேள்வி. முதலில் 'நொதியளவை' என்று எழுதி வைத்திருந்தேன். நொதியையே அளப்பதாகப் பொருள் வருகிறது என்பதால் விட்டுவிட்டேன். 'இருபிடி நொதிவழி அளவறிதல்' என்பது என் பரிந்துரை. இதற்கு வேண்டியவை சேர்ந்து வரும் 'கிட்' என்பதற்கு 'தொகுப்பு' போதும்.

அப்புறம், பெரிய சிக்கல் 'பன்றி' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 'பன்றி எதிர்ப்பொருள்' என்று குப்பியில் எழுதினால் என்ன புரியும்? பன்றியின் உடலில் உண்டானதா, பன்றிப் புரதத்தைப் பிடிப்பதா? இரண்டும் முற்றிலும் வேறு. ஆட்டில் உண்டாக்கி, பன்றியின் இம்யூனோகுளோபுலினை, அதாவது பன்றியின் எதிர்ப்பொருளையே, பிடிக்கும் எதிர்ப்பொருளும் ஆய்வகத்தில் இருக்கும். குப்பி மாறினால் ஒரு தட்டு முழுவதும் வீண். தமிழில் வேற்றுமை உருபு இருக்கும்போது ஏன் அதை மறைத்துத் தொகையாக்கிக் குழம்ப வேண்டும்? 'ஆட்டில் விளைந்த, பன்றிப் புரதம் பற்றும் எதிர்ப்பொருள்' என்று விரித்தே எழுதலாம். நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க முடியாது.

'விளைந்த' என்பது பயிரை நினைவூட்டுகிறதா? கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.