1977 ஈடன் கார்டன்ஸ்: காஸ்மாஸுக்கு குடுத்தது பெனால்டியா, இல்லயா?

லேக்மார்க்கெட்காரன்:
நேத்து வேற இழையில ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. 1977ல நம்ம கல்கத்தா கிளப் மோகன் பகானும், பெலே ஆடின அமெரிக்க கிளப் நியூயார்க் காஸ்மாஸும் ஆடினது வெறும் காட்சி ஆட்டமாம், பெலே மைதானத்துல வாக்கிங் போனாராம், 2-2ன்னு முடிஞ்சது அவங்க போட்ட பிச்சையாம். ஐயா, யாரு யாருக்கு பிச்சை போட்டது? செப்டம்பர் 24, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நான் அப்ப ஸ்கூல் பையன், அப்பா ஆபீஸ் மூலமா டிக்கெட் கெடச்சு போய் உக்காந்து பாத்தவன். கார்லோஸ் ஆல்பர்ட்டோ முதல் கோல் போட்டான், 1970 வேர்ல்ட் கப்ப கையில வாங்கின கேப்டன், சரி கதை முடிஞ்சதுன்னு நெனைக்கறதுக்குள்ள ஷியாம் தாப்பா திருப்பி குடுத்தான், அப்புறம் ஹபீப் ஒண்ணு போட்டு 2-1. பெலே ஆடற டீமுக்கு எதிரா நம்ம டீம் லீடிங்ல நிக்குது! அப்பறம்தான் பெனால்டின்னு ஒண்ண குடுத்தாங்க, இத்தாலிக்காரன் கினாலியா அடிச்சு 2-2 ஆச்சு. அது பெனால்டியே இல்ல. திரும்பவும் சொல்றேன், அது பெனால்டியே இல்ல.

சிவப்புபொன்:
ஆரம்பிச்சிட்டாருய்யா. தோத்தா மழை, டிரா ஆனா ரெஃப்ரி, ஜெயிச்சா மட்டும் திறமை, மோகன் பகான் ஆளுங்க கணக்கே தனி. சரி சார், ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க. கோல் போட்ட ஷியாம் தாப்பா எங்கேர்ந்து வந்தாரு? 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கப் ஃபைனல்ல, கல்கத்தாவுல உங்களுக்கு பரம எதிரியான எங்க ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி உங்க மேலயே ரெண்டு கோல் போட்டவர்தானே? ஸ்கோர் ஞாபகம் இருக்கா, நானே சொல்றேன், 5-0. பெலேவ மார்க் பண்ண கௌதம் சர்க்கார், ஹபீப், சுதிர் கர்மாகர், கோச் பி.கே. பானர்ஜி வரைக்கும் எல்லாரும் எங்க கிளப்ல பேர் வாங்கிட்டு உங்ககிட்ட வந்தவங்க. எங்க ஆளுங்க ஆடின மேட்சுக்கு நீங்க ஏன் காலர தூக்கறீங்க?

லேக்மார்க்கெட்காரன்:
வந்துருச்சு 5-0. நாப்பது அம்பது வருஷமா அந்த ஒரு நம்பர வச்சே வண்டி ஓடுது. அதே தாப்பா, காஸ்மாஸ் மேட்ச் முடிஞ்ச சில நாள்லயே ஷீல்டு ஃபைனல்ல உங்க மேல கோல் போட்டு 1-0ன்னு கப்ப எங்களுக்கு வாங்கி குடுத்தத ஏன் சொல்லல? ஷீல்டு, ரோவர்ஸ் கப், டூரண்ட் கப், அந்த சீசன்ல மூணும் எங்களுக்கு. 1978ல அவரு உங்க மேல போட்ட பைசைக்கிள் கிக் கோல பத்தி கல்கத்தாவுல இன்னிக்கும் பேசறாங்க. ஆனா நான் கேட்டது ஷீல்டும் இல்ல தாப்பாவும் இல்ல. பெனால்டி. அது பெனால்டியா?

விதிப்புத்தகம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. ஃப்ரெண்ட்லி மேட்ச்ல ஜெயிக்கறதுன்னா என்ன அர்த்தம், அத முதல்ல முடிவு பண்ணலாமா? பாயிண்ட் கிடையாது, கப் கிடையாது. கௌரவத்த வச்சு பேசறமா, ஆட்டத்தோட தரத்த வச்சு பேசறமா? இது தெளிவானா பெனால்டி பிரச்சனையே வராதுன்னு தோணுது.

சிவப்புபொன்:
பெனால்டிதான். பாக்ஸுக்குள்ள ஆள தள்ளிவிட்டா பெனால்டிதான். லேக்மார்க்கெட் சார் கேலரியில உக்காந்திருந்தாரு, ரெஃப்ரி பக்கத்துல நின்னாரு, யாரு கண்ண நம்பறது? ஷீல்டு ஷீல்டுங்கறீங்களே, அந்த வருஷ கல்கத்தா லீக்ல என்ன ஆச்சு? 2-0, நாங்க ஜெயிச்சோம், லீக் எங்களுக்கு. முதல் ஃபெடரேஷன் கப் ஃபைனல்ல பெங்களூர் ஐடிஐகிட்ட தோத்துட்டு வந்தீங்க. டெலிபோன் செய்யற கம்பெனியோட டீம் சார் அது. அவங்கள ஜெயிக்க முடியல, பெலேவ ஜெயிச்சிருப்பாங்களாம்.

வியாசர்பாடி விங்கர்:
இன்னாபா இது, எத்தினி வருஷத்துக்கு இதயே பேசுவீங்க. இந்தியாவுல ஃபுட்பால்னா கல்கத்தா மட்டும்தானா? எங்க ஏரியாவுக்கு வந்து பாரு, பசங்க ஷூ இல்லாம ஆடுவானுங்க, ஒருத்தனும் எழுத மாட்டான். 1993ல நேரு கப் இங்க மெட்ராஸ்ல நடந்துச்சே, வட கொரியாகாரன் கப்ப தூக்கினு போனான், அத பத்தி எவனாவது இழை தொறந்தானா? ஒரு மேட்ச், அதுவும் டிரா, அதுக்கு போய் இவ்ளோ பில்டப்பு.

லேக்மார்க்கெட்காரன்:
தம்பி, நீ தனியா இழை தொறந்து எழுது, நானே வந்து படிக்கறேன், வியாசர்பாடி பசங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா "அதுவும் டிரா"ன்னு சொன்ன பாரு, அங்கதான் கோவம் வருது. ஏன் டிரா ஆச்சு? அந்த பெனால்டியால. 2-1ல முடிஞ்சிருந்தா ஸ்கூல் புக்குல வந்திருக்கும்.

கோவை பிரியா:
ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன், காஸ்மாஸ் பக்கத்த யாருமே பேச மாட்டீங்களா? ஆகஸ்ட் 28ல சியாட்டில் டீம 2-1ன்னு ஜெயிச்சு அமெரிக்க லீக் சாம்பியன் ஆனாங்க, அந்த களைப்பு போறதுக்குள்ள ஜப்பான், சீனான்னு சுத்திட்டு கல்கத்தா வந்து எறங்கினாங்க. பெலேவுக்கு அடுத்த மாசம் 37 வயசு. ஒரு வாரத்துல, அக்டோபர் 1ம் தேதி, சான்டோஸுக்கு எதிரா கடைசி மேட்ச், ஒரு பாதி காஸ்மாஸுக்கு, ஒரு பாதி சான்டோஸுக்குன்னு ஆடி ரிட்டயர் ஆகப்போறாரு. அப்படி இருக்கற மனுஷன் மழை பெஞ்ச சேத்துல கால வச்சு ரிஸ்க் எடுப்பாரா? அவர் மெதுவா ஆடினாருன்னு சொன்னா அது மோகன் பகான கேவலப்படுத்தறது இல்ல, நடந்தது அதுதான்.

லேக்மார்க்கெட்காரன்:
பிரியா, மழை சேறு எல்லாம் ரெண்டு டீமுக்கும் ஒண்ணுதான். மழையால பெலே எறங்குவாரா மாட்டாரா, அவரு காலுக்கு பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் இருக்காம்னு அன்னிக்கு ஊரெல்லாம் அதே பேச்சு, ஆனா எறங்கினாரு. எறங்கினவர கௌதம் சர்க்கார் நெழல் மாதிரி ஒட்டிக்கிட்டான், திரும்ப விடல. மேட்சுக்கு அப்பறம் பெலே அவன "நீதானே அந்த 14ம் நம்பர், என்ன ஆடவே விடாதவன்"னு கேட்டதா கௌதமே சொல்லியிருக்காரு. நடந்துட்டு போனவரு எதுக்கு 14ம் நம்பர ஞாபகம் வச்சுக்கணும்? கோல்ல சிபாஜி பானர்ஜி, பெலே காலடியில தலைய குடுத்து பாஞ்சு பந்த புடிச்சான், அந்த சேத்துல. நம்ம பசங்க வேலைக்கு போயிட்டு வந்து ஆடினவங்க, அவங்களுக்கு கிளப் என்ன பெருசா குடுத்துச்சு? எதிர்ல நின்னது மூணு வேர்ல்ட் கப் ஜெயிச்சவரு, பிரேசில் கேப்டன், இத்தாலியில லாசியோ கிளப்புக்கு லீக் வாங்கி குடுத்த கினாலியா. அந்த டீம் கடைசியில பெனால்டி இல்லாம சமன் பண்ண முடியல, இதுதான் உண்மை. அந்த பெனால்டியும் பெனால்டி இல்ல. எங்க டிஃபெண்டர் பந்தத்தான் தொட்டான், நான் பாத்தேன், என் பக்கத்துல இருந்த எல்லாரும் பாத்தாங்க, மொத்த கேலரியும் எழுந்து கத்துச்சு.

சிவப்புபொன்:
மொத்த கேலரியும் மோகன் பகான் கேலரி சார். கத்தாம என்ன பண்ணும்?

லேக்மார்க்கெட்காரன்:
அதுதான் தப்பு. அன்னிக்கு உங்க ஈஸ்ட் பெங்கால் ஆளுங்களும் வந்திருந்தாங்க. பெலேவ பாக்க வராம இருப்பாங்களா? எங்க பக்கத்து வீட்டு பெங்காலி மாமா பரம ஈஸ்ட் பெங்கால், ஹபீப் கோலுக்கு அவரும் கைதட்டினாரு, பெனால்டிக்கு அவரும் திட்டினாரு. இதுக்கு என்ன சொல்றீங்க?

சிவப்புபொன்:
அவரு உண்மையான ஈஸ்ட் பெங்கால் இல்லன்னு சொல்றேன். கல்கத்தாவுல தமிழாளுங்க இருக்கற லேக் மார்க்கெட்ல இட்லி சாப்ட்டுட்டு மைதான் அரசியல் பேசற கூட்டத்துக்கு எங்க கிளப்ப பத்தி என்ன தெரியும்? ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் மீன் வெல ஏறும், அந்த வாசம் தெரியுமா உங்களுக்கு?

லேக்மார்க்கெட்காரன்:
இட்லிய எதுக்கு இழுக்கறீங்க? எங்க வீட்டுல மீனே கிடையாது, அதனால நான் மோகன் பகான் ரசிகன் இல்லயா? இறால் சாப்பிட்டாதான் மோகன் பகான்னு எந்த சட்டத்துல இருக்கு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்த ஊருல இருக்கோம், ரேடியோவுல பெங்காலி கமெண்ட்ரி கேட்டு வளந்தவங்க நாங்க. 1911ல வெறுங்கால்ல ஆடி பிரிட்டிஷ் ஆர்மி டீமான ஈஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமெண்ட்ட 2-1ன்னு ஜெயிச்ச கிளப், அத நேசிக்க மீன் வாசம் தேவையில்ல. நீங்க தஞ்சாவூர்ல உக்காந்து ஈஸ்ட் பெங்கால் பேசலாம், நான் கல்கத்தாவுல பொறந்து மோகன் பகான் பேசக்கூடாதா?

சிவப்புபொன்:
தஞ்சாவூர்ல உக்காந்து நான் ஏன் ஈஸ்ட் பெங்கால் பேசறேன்னு தெரியணுமா? குலோத்துங்கன். எங்க ஊரு பையன். 2003ல ஜகார்த்தாவுல ஆசியான் கிளப் கப் ஜெயிச்ச டீம்ல இருந்தான், ஃபைனல்ல தாய்லாந்து பிஇசி டெரோ சசானாவ 3-1. அது ஃப்ரெண்ட்லி இல்ல சார், கப்பு. 2018ல ஆக்சிடென்ட்ல போயிட்டான், அத எழுதறப்ப இப்பவும் கை நடுங்குது. அவன் மாதிரி ஒருத்தன் போட்ட சட்டைய நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நீங்க ஒரு டிராவ வச்சு அரை நூற்றாண்டா ஊர்வலம் போறீங்க, நாங்க வெளிநாட்டுல போய் கப் எடுத்துட்டு வந்தோம்.

லேக்மார்க்கெட்காரன்:
குலோத்துங்கன் நல்ல பிளேயர், அவர பத்தி ஒரு வார்த்தை தப்பா பேச மாட்டேன், அவரு மோகன் பகானுக்கும் ஆடியிருக்காரு, அதையும் சேத்து எழுதுங்க. ஜகார்த்தாவுல உங்க கோச் யாரு? சுபாஷ் பௌமிக். 1977ல எங்க டீம்ல இருந்த ஆளு. நீங்க தாப்பாவ எங்ககிட்ட குடுத்தீங்கன்னா நாங்க பௌமிக்க உங்களுக்கு குடுத்தோம், கணக்கு சரியா போச்சு. பெனால்டிக்கு வாங்க.

சிவப்புபொன்:
பௌமிக் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஆடினவர். அவரயும் நாங்கதான் குடுத்தோம். கணக்கு சரியாவே போகல.

விதிப்புத்தகம்:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. ஒரு எக்சிபிஷன் மேட்ச்ல ரெஃப்ரி முடிவ எந்த அளவுகோல்ல

லேக்மார்க்கெட்காரன்:
சார் அளவுகோல் எல்லாம் அப்பறம். பந்த தொட்டானா ஆள தொட்டானா, அவ்ளோதான் விஷயம். பந்த தொட்டான்.

வியாசர்பாடி விங்கர்:
வீடியோ இருந்தா போடு தல. அந்த பெனால்டி மட்டும் போடு, நாங்க பாத்து சொல்றோம். இல்லன்னா விடு.

லேக்மார்க்கெட்காரன்:
நேர்ல பாத்தவன்கிட்ட வீடியோ கேக்கறது அவமானம் தம்பி. உங்க தாத்தா எம்ஜிஆர நேர்ல பாத்தேன்னு சொன்னா போட்டோ கேப்பியா?

வியாசர்பாடி விங்கர்:
கேப்பேன். கேட்டிருக்கேன்.

கோவை பிரியா:
எனக்கு ஒரே ஒரு விஷயம் புரியல. 2008 மே மாசம் கோல்கீப்பர் ஆலிவர் கானோட வழியனுப்பு மேட்சுன்னு ஜெர்மனியோட பேயர்ன் மியூனிக் கல்கத்தா வந்துச்சே, சால்ட் லேக் ஸ்டேடியத்துல அவ்வளவு கூட்டம். மோகன் பகான் என்ன பண்ணுச்சு? 3-0ன்னு தோத்துச்சு. அதுவும் பெரிய டீமுக்கு எதிரா ஃப்ரெண்ட்லிதானே. அத பத்தி இழை எங்க? பிடிச்ச மேட்ச மட்டும் எடுத்து பேசினா எப்படி? 1977ல சேறும் பயணக் களைப்பும் பாதி மேட்ச ஆடிக்குடுத்துச்சுன்னுதான் எனக்கு தோணுது.

சிவப்புபொன்:
பிரியாவுக்கு என் ஓட்டு. 3-0ல எத்தன பெனால்டி சார்?

லேக்மார்க்கெட்காரன்:
2008ல தோத்தோம், கான் நல்லா வழியனுப்பப்பட்டான், அதுல மறைக்க என்ன இருக்கு. ஆனா 2008 டீமும் 1977 டீமும் ஒண்ணா? 77ல லீக்ல தோத்து, ஃபெடரேஷன் கப்ல தோத்து, கிளப் வாசல்ல நம்ம ஆளுங்களே திட்டிட்டு இருந்த நேரம். அந்த நேரத்துல பெலே வர்றாரு, டம் டம் ஏர்போர்ட்ல கூட்டம் தாங்கல, ஊரே அவரு பக்கம். சொந்த ஊர்ல சொந்த ஆளுங்களே எதிர் டீமுக்கு மாலை போடறப்ப எறங்கி ஆடினாங்க அந்த பதினோரு பேரும். அதுக்கப்பறம்தான் அந்த மூணு கப்பும் வந்துச்சு, அந்த தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? 2015ல பெலே திரும்ப கல்கத்தா வந்தப்ப அந்த பழைய பிளேயருங்கள சந்திச்சாரு, ஹபீப் வந்தாரு, அந்த செய்திய பாத்துட்டு நான் வீட்டுல அழுதேன். இப்ப பெலே இல்ல, பி.கே. இல்ல, சிபாஜி இல்ல, பௌமிக் இல்ல, 2023 ஆகஸ்ட் 15ல ஹபீபும் போயிட்டாரு. அவங்க சார்பா பேச ஆள் வேணும். அவங்க பெலே டீம ஜெயிச்சிருக்க வேண்டியவங்க. பெனால்டி ஒண்ணுதான் தடுத்துச்சு.

மட்டுறுத்துனர்:
சாப்பாடு, ஊர் பத்தின தாக்குதல் வேண்டாம். இட்லி பதிவ நீக்கச் சொல்லி புகார் வந்திருக்கு. மேட்ச பத்தி மட்டும் பேசுங்க.

சிவப்புபொன்:
புகார் குடுத்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு பெனால்டிய தாங்க முடியாதவரு ஒரு இட்லிய எப்படி தாங்குவாரு.

லேக்மார்க்கெட்காரன்:
நான் புகார் குடுக்கல. குடுக்கற பழக்கமும் எனக்கு இல்ல. மட்டுறுத்துனரே வந்து சொல்லட்டும் யாருன்னு.

விதிப்புத்தகம்:
நான்தான் குடுத்தேன். என் கேள்விக்கு பதில் வராம இட்லிக்கு மட்டும் பதில் வந்துச்சு.

சிவப்புபொன்:
சரி விடுங்க. லேக்மார்க்கெட் சார், அந்த பெங்காலி மாமா எந்த வரிசையில உக்காந்திருந்தாருன்னு சொல்லுங்க, பாக்ஸ் அங்கேர்ந்து தெரியுமான்னு பாக்கலாம்.

லேக்மார்க்கெட்காரன்:
நல்லா தெரியும். கோல் போஸ்ட்டுக்கு நேரா இல்ல, கொஞ்சம் சாய்வா, ஆனா பாக்ஸ் கோடு தெளிவா தெரிஞ்சுது. பந்ததான் தொட்டான்.

சிவப்புபொன்:
மழை, சேறு, சாய்வா உக்காந்திருந்தாங்க, ஆனா கோடு தெளிவா தெரிஞ்சுதாம். அது பெனால்டி.

லேக்மார்க்கெட்காரன்:
இல்ல.