டிவி ஸ்டிக் வாங்கும் முன்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்திருக்கும் குமரி மாவட்டத்தாருக்கு

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெரிய டிவி வாங்கலாமா என்று மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதுவே போதும். அந்தத் துளையில் டிவி ஸ்டிக் என்ற விரலளவுக் கருவியைச் செருகினால், இணையத்தில் ஓடும் படங்களை அதே டிவியில் பார்க்கலாம். ஊரிலிருந்து ஸ்டிக் கொண்டுவந்தவர்கள் அதன் அடாப்டரைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இங்குள்ள 120 வோல்ட்டிலும் ஓடும். பிளக்கின் கால்களுக்கு மட்டும் ஒரு மாற்றி வேண்டும். டிவியின் யூஎஸ்பியில் செருகி மின்சாரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். போதாமல் போனால் ஸ்டிக் அணைந்து அணைந்து எழும்.

கூகுளின் குரோம்காஸ்ட்டும் இப்படி டிவியில் செருகும் கருவிதான். அதில் புதியதைத் தேடி அலைய வேண்டாம். 2013-இல் 35 டாலருக்கு வந்த அந்தக் கருவி வரிசையின் தயாரிப்பை 2024-இல் கூகுள் நிறுத்திவிட்டது. யாராவது பழையதைச் சும்மா தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் வந்த மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிபடும்.

போனிலிருந்து படம் டிவிக்குப் பாய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. படத்தை டிவிக்கு மாற்ற, போன் செயலியில் இருக்கும் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் எதை ஓட்டவேண்டும் என்பதை மட்டும் போன் சொல்லும். படத்தை இணையத்திலிருந்து ஸ்டிக் தானே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நடுவில் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினாலும் படம் நிற்பதில்லை. ஆனால் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். மாணவர் விடுதிகளில் இங்கேதான் சிக்கல். உலாவியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வைஃபையில் பல ஸ்டிக்குகள் வாசலிலேயே நின்றுவிடும். சில விடுதிகளில் கருவியின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, கொடுத்தால் பதிவு செய்து தருவார்கள். இல்லையென்றால் பயணத்துக்கான சின்ன ரௌட்டர் ஒன்று வாங்குங்கள். அது ஒருமுறை விடுதி வைஃபைக்குள் நுழைந்துவிட்டால் உங்களுக்கென்று தனி வைஃபை கிடைக்கும்.

ஐந்து பேர் சேர்ந்திருக்கும் வீடு என்றால் முதல் வேலை ஸ்டிக்குக்குப் பெயர் வைப்பது. நான் வைக்கவில்லை. டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழா. நம் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடும் நாள். அங்கே காலை 6 மணி என்றால் இங்கே முந்தைய இரவு 7.30. திருப்பலி நேரலையைப் போட்டேன். என் அறை டிவியில் அசைவே இல்லை. கூடத்தில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர் திடீரென்று தமிழில் பூசை கண்டார்கள். போன் காட்டிய பட்டியலில் என்னுடைய ஸ்டிக்குக்கும் கூடத்து ஸ்டிக்குக்கும் ஒரே பெயர். நல்ல பையன்கள், சிரித்துவிட்டார்கள். அன்றிரவே என்னுடையதற்குத் 'தக்கலை' என்று பெயர் வைத்தேன். வேறு எவனும் அந்தப் பெயரைத் தொடமாட்டான்.

ஊரில் கட்டிய சந்தாவை நம்பி வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு. அங்கே ஓடிய செயலி இங்கே திறக்காமலும் போகலாம், திறந்தாலும் பாதிப் படங்கள் இல்லாமலும் இருக்கலாம். வருடச் சந்தாவைப் புதுப்பிக்கும் முன் ஒரு மாதம் பார்த்துவிடுங்கள். மொபைல் டேட்டாவில் ஓட்டுபவர்கள் தரத்தைக் குறைத்து வையுங்கள். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது.

வீடு மாறும்போது ஸ்டிக்கை அங்கேயே விட்டுவருவதாக இருந்தால், அமைப்புகளில் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வாருங்கள். நான் மறந்துவிட்டேன். அடுத்து வந்த குடித்தனக்காரர் என்னென்ன பார்க்கிறார் என்பது மூன்று மாதமாக என் கணக்கில் தெரிந்துகொண்டிருந்தது.