கத்திரி வெயிலில் கேமராவுடன்: எங்கள் ஊர்ப் பக்கத்து அனுபவங்கள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து

சென்ற வைகாசியில், எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, விடியும் முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கங்களில் இது புதிதல்ல. அறுவடை முடிந்து, கண்மாய் வற்றி முழங்கால் அளவுச் சேறும் நீருமாக ஆனதும், ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்து அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கரை முழுவதும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. கொசுவலையை மடித்துக் கொண்டுவந்திருந்த சிறுவர்களையும் கண்டேன். கரையில் சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் நீரில் கால் வைக்கக் கூடாது.

அந்தத் துண்டு வீச்சைத்தான் படமெடுக்க வேண்டும் என்று முந்தைய இரவே தீர்மானித்து, நீண்ட லென்ஸைப் பொருத்திக்கொண்டு கிழக்குக் கரையில் நின்றிருந்தேன். இரண்டு தவறுகள் செய்திருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கியது. துண்டு அசைந்த மறுகணமே கூட்டம் என்னைத் தாண்டி இறங்கிவிட்டதால், எனக்குக் கிடைத்தவை எல்லாம் முதுகுகள். சூரியனும் எனக்குப் பின்னாலேயே இருந்ததால், தெறித்த நீரில் துளி மினுமினுப்பு இல்லாமல் படங்கள் தட்டையாக விழுந்தன. மேற்குக் கரையில் நின்றிருந்தால் எதிர்வெயிலில் ஒவ்வொரு துளியும் பளிச்சிட்டிருக்கும்.

வேறு வழியின்றிச் சேற்றில் இறங்கினேன். ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. ஊத்தா வைத்திருந்த ஒரு முதியவர் என் நிலையைப் பார்த்து, "அதைக் கரையில வச்சிட்டு வாங்க தம்பி, இதைப் புடிங்க" என்று ஊத்தாவை என் கையில் கொடுத்தார். மூங்கில் குச்சிகளால் கூம்பு போலக் கட்டிய கூடு அது. அடிப்பக்கம் அகன்றும் மேல்வாய் குறுகியும் இருக்கும். சேற்றில் குத்தி அழுத்தினால், உள்ளே மீன் மாட்டியிருந்தால் குச்சிகளில் முட்டும். அந்த அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிந்ததும் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். "பாத்து, கெளுத்தியா இருந்தா முள்ளு குத்தும்" என்று அவர் எச்சரித்ததும் நான் ஊத்தாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று காட்டின. தோள்வரை கையை ஊத்தாவுக்குள் விட்டிருந்த அவருடைய முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. பார்க்கும் வேலையை அப்போது விரல்கள் எடுத்துக்கொண்டிருந்தன. கேமராவை எடுத்துவந்து, சிறிய லென்ஸுடன் இரண்டு அடி தூரத்தில் நின்று அந்த முகத்தை எடுத்தேன். அன்று எடுத்த நானூறு சொச்சப் படங்களில் நான் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

எட்டரை மணிக்கெல்லாம் நீர் கலங்கிக் கூழாகி, எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மீனை விற்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதுதான் வழக்கம். எனக்கும் இரண்டு விரால் கிடைத்தது. கேமராப் பையில் அந்த வாடை ஆடி மாதம் வரை இருந்தது.

திரும்பும் வழியில், புளிய மரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். சீவி எறிந்த வெற்று நுங்குக் காய்களில் இரண்டை எடுத்துக் குச்சியில் கோத்து, பையன்கள் நுங்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. அந்த நேரத்து வெயில் தலைக்கு மேல் நின்று கண்குழியில் நிழலைக் கொட்டும் என்பதால், கேமராவைப் பையில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நானும் போட்டுவிட்டேன், இன்றுவரை அது உறுத்துகிறது. கோடை என்றாலே நண்பகல்தான் என்றிருக்க, நண்பகலில் எடுத்து உருப்பட்ட படம் உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?

தூத்துக்குடியிலிருந்து

என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் மனிதர்களே இல்லை. எங்கள் பக்கத்து உப்பளங்களில் கோடைதான் உப்பு நன்றாக விளையும் காலம். முதல் நாள், சூரியோதயத்தைப் பிடித்துவிடலாம் என்று ஆறு மணிக்குப் போய் நின்றேன். அவர்கள் இருட்டிலேயே வந்து, பாதி வேலையை முடித்திருந்தார்கள். மறுமுறை நான்கு மணிக்குப் போனேன். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் உப்பில் பட்டுத் திரும்பி, குனிந்திருந்த முகங்களைக் கீழிருந்து காட்டியது. எந்த ஸ்டூடியோவிலும் அப்படி ஒரு விளக்கை நான் பார்த்ததில்லை.

கண்காணியிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். ஆனால் அவர் கொடுத்த அனுமதி அவருடையதுதான், வேலை செய்பவர்களுடையது அல்ல என்பது, துணியால் முகத்தை மூடியிருந்த ஓர் அம்மாள், "எங்க போட்டோவப் போட்டா சம்பளம் கூடுமா சார்?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. கூடாது என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரம் படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் பெருமையாக நினைத்திருந்த டார்ச் வெளிச்சப் படத்தை ஒருவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. போகிற போக்கில், உப்பு அம்பாரத்தின் முன்னால் மூவரை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படத்துக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பிரதி கேட்டார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதை நம்பினால் உப்பு சிமெண்டு போலத் தெரியும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). உப்புக் காற்று கேமராவுக்கு ஆகாது என்பதால், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

நண்பகல் படத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு காகம்கூட இல்லை. கண் கூசும் வெண்மையும் அதன் மேல் நடுங்கும் கானலும் மட்டுமே இருந்தன. அவர்கள் ஏன் இருட்டில் வந்து போகிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

செய்யாறு பக்கத்திலிருந்து

நண்பகல் வெயில் எல்லோருக்கும் பகையல்ல என்பதை எங்கள் ஊர்த் துரியோதனன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை வந்தால் பாரதம் வைப்பார்கள்: பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுவதும் கூத்து. கடைசி நாள் காலையில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம், மாலையில் தீமிதி. படுகளத்துக்காகத் திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த கோலத்தில் பிரம்மாண்டமாகச் செய்து வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

நான் போன ஆண்டு, சடங்கு முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விடிய விடிய ஆடிய கலைஞர்கள் அதே வேஷத்தோடு மீண்டும் வந்து நின்றார்கள். கிரீடத்தின் நிழலில் அவர்கள் கண்களே தெரியவில்லை, அரிதாரம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. எடுத்த முகங்கள் எல்லாம் வீண். அப்போதுதான் கீழே கிடந்த மண்ணுருவத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் முகத்துக்கு உச்சி வெயில் முன்னாலிருந்து நேராக விழும் வெளிச்சமல்லவா? மீசை, உருட்டிய விழி, புருவம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நிற்பவர்களைக் கெடுத்த வெயில், விழுந்து கிடந்தவனுக்கு ஒளியூட்டியிருந்தது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தலை முடியும் கட்டம்தான் எல்லோரும் காத்திருப்பது. நான் முன்வரிசைக்கு நகர்ந்தபோது ஒரு பாட்டி சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒக்காருப்பா, பின்னாடி இருக்கறவங்க பாக்க வாணாமா?" என்றார். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் கைபேசிகள் உயர்ந்தன. அவற்றை உட்காரச் சொல்ல யாரும் இல்லை. என் படத்தில் பதினொரு கைபேசிகளும், அவற்றின் இடுக்கில் நாலு விரல்கடை கூந்தலும் இருக்கின்றன.

மதுரையிலிருந்து

மேலூர் நண்பருக்கு: சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளன்று இதே கைபேசிச் சுவரோடு, தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். ஆற்றுக்குப் போகாமல், முந்தைய நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் சர்க்கரைச் சொம்போடு காத்திருப்பவர்களை எடுப்பதே எனக்குச் சரிப்பட்டது. பந்தல் துணி வழியாக வரும் வெயில் அவ்வளவு மென்மையாக இருக்கும். நுங்குக்காரரையும் நிழலுக்குள் நீங்கள் நுழைந்து எடுத்திருக்கலாம். மர நிழல் பதினொரு மணியையும் தாங்கும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து

நன்றி. நேற்று அந்தப் புளிய மரத்தடிக்குப் போனேன். இந்த முறை கேமரா வெளியேதான் இருந்தது. தூத்துக்குடி நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு, ஊத்தா முதியவருக்கும் அவருடைய படத்தை அச்சிட்டு எடுத்துப்போனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, மீன் எங்க?" என்று கேட்டார். படத்தில் மீன் இல்லை. அடுத்த வாரம் அவர்கள் கண்மாயில் துண்டு வீசுகிறார்களாம். ஒரு கையில் விராலோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் மேற்குக் கரையில் இருப்பேன்.