இரண்டு பேட்டரி போட்டால் ஒன்று மட்டும் ஏன் கொதிக்கிறது?

வணக்கம். சேலம் மூக்கனேரி ஏரியில் ஞாயிறு காலைகளில் ரிமோட் படகு விடுகிறேன். 80 செ.மீ. நீளம், பிரஷ்லெஸ் மோட்டார், 60 ஆம்ப் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). ஓட்டும் நேரம் கூடட்டுமே என்று 3எஸ் (மூன்று செல் தொடராக உள்ள) 5000 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டை பேரலலாகப் போட்டேன். ஒன்று இரண்டு வருடம் பழசு, மற்றது போன மாதம் வாங்கியது.

ஆறே நிமிடத்தில் புதுசு தொட முடியாத சூடு, பழசு வெதுவெதுப்பு. புதுசின் சிவப்பு வயரில் ஹீட் ஷ்ரிங்க் உறை சுருண்டு பழுப்பாகிவிட்டது. கரைக்கு இழுத்து மூடியைத் திறந்தால் இனிப்பாக ஒரு வாடை. பயந்துபோய் மணல் வாளியில் வைத்தேன் (வீட்டில் திட்டு தனி).

இரண்டையும் 12.6 வோல்ட் வரை சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்துத்தான் இணைத்தேன். இரண்டையும் சேர்க்கும் ஒய் வயரை மாற்றினேன், எக்ஸ்.டி. 60 கனெக்டரைத் திரும்பவும் சாலிடர் செய்தேன். இடம் வலம் மாற்றியும் சூடு புதுசோடுதான் போகிறது. திரும்ப சார்ஜ் ஏற்றினால் புதுசு 3400 எம்.ஏ.எச். வாங்குகிறது, பழசு 1600தான். பழசின் உள் மின்தடை ஏறி, பாரமெல்லாம் புதுசு மேல் விழுகிறதென்று என் ஊகம். வாடை வந்த பேக்கை இனி தொடப்போவதில்லை.

புதிதாக ஒன்று வாங்கி, ஒவ்வொன்றின் பாசிட்டிவ் வயரிலும் தனித்தனி ஃபியூஸ் போட்டால் இந்தப் பழசோடு ஓட்டலாமா, இல்லை ஒரே வயது ஜோடிதான் வாங்க வேண்டுமா?