எஞ்சின் ரூம் லொக், ஒயில் ரெக்கோர்ட் புத்தகம்: வோச்சில் என்ன பார்க்கணும், எப்படி எழுதணும்?

மல்லியப்புச் சந்தி:
வணக்கம். ஹட்டன்ல இருந்து எழுதுறேன். அடுத்த மாசம் ஒரு பல்க் கெரியர்ல (சரக்கை மூட்டை கட்டாம மொத்தமா ஏத்துற கப்பல்) ஜூனியர் எஞ்சினியரா ஏறப் போறேன். செக்கன் எஞ்சினியரோட 4–8 வோச் (காலையும் மாலையும் 4ல இருந்து 8 வரைக்கும் எஞ்சின் ரூம் கடமை). வோச் எடுக்க முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்? ஒயில் ரெக்கோர்ட் புத்தகத்துல (கப்பல்ல எண்ணெயும் எண்ணெய்க் கழிவும் கையாண்டதை எழுதுற புத்தகம்) பிழையா எழுதிட்டா வெள்ளை மை பூசலாமா, தாளைக் கிழிச்சிட்டுத் திரும்ப எழுதலாமா?

பண்டாரவளை செக்கன்:
தம்பி, 15 நிமிஷம் முந்திப் போங்க. நேரா கொன்ட்ரோல் ரூமுக்குள்ள ஏசிக்குப் போயிடாதீங்க. மேலிருந்து கீழ் வரைக்கும் நடங்க: பொய்லர்ல தண்ணி மட்டம் காட்டுற கேஜ் கிளாஸ், எரிபொருள் சர்விஸ் டாங்கி மட்டம், பம்புகள், கடைசியா அடித்தட்டுல கசிவுத் தண்ணி சேருற பில்ஜ் கிணறு. பிறகு சீஃப் எஞ்சினியரோட ஸ்டேண்டிங் ஓர்டர் (நிலையான கட்டளைகள்), பாதியில நிக்கிற வேலை எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வோச்சை எடுக்கணும்.

எக்ஸோஸ்ட் (எஞ்சின் புகை) வெப்பநிலையில தனி எண்ணை விட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் பேசும். ஒண்ணு மட்டும் ஏறினா ஃபியூல் வால்வு, எக்ஸோஸ்ட் வால்வு சந்தேகம். எல்லாம் சேர்ந்து ஏறினா எஞ்சினுக்குக் காத்தைத் தள்ளுற டேர்போசார்ஜர், அந்தக் காத்தைக் குளிர வைக்கிற எயார் கூலர் பக்கம் பாருங்க. லொக்குல முந்தின வோச் நிரலைப் பார்த்து எழுதினா இது கண்ணுல படவே படாது. தேயிலை ஃபெக்டரியில டிரையர் வெப்பநிலையை மணிக்கு மணி போய்ப் பார்த்து எழுதுறது மாதிரித்தான்.

டிக்கோயா சீஃப்:
வெள்ளை மையும் கூடாது, தாளும் கிழிக்கக் கூடாது. பிழையான வரி வாசிக்கக் கூடிய மாதிரி ஒரே கோடு போட்டு வெட்டி, கையெழுத்தும் திகதியும் வச்சு, சரியானதைக் கீழ எழுதுங்க. இடையில வெற்று வரி விடாதீங்க. ஒவ்வொரு பதிவுக்கும் பொறுப்பான ஒஃபிசர் கையெழுத்து, நிரம்பின பக்கத்துக்குக் கெப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவுக்குப் பிறகு 3 வருஷம் புத்தகம் கப்பல்ல இருக்கணும்.

மாட்டுறது பெரும்பாலும் கணக்குலதான். வாராவாரம் புத்தகத்துல சி பிரிவு 11ஆம் இலக்கத்துக்கு (சி 11) கீழ ஸ்லட்ஜ் (எண்ணெய்க் கசடு) டாங்கியோட பெயர், கொள்ளளவு, உள்ள இருக்கிற அளவு எழுதுவோம். 4.6 கனமீற்றர் இருந்துச்சுன்னு வைங்க. மணிக்கு 50 லீற்றர் எரிக்கிற இன்சினரேட்டரை (கசடு எரிக்கிற உலை) 8 மணி நேரம் ஓட்டினா 0.4 போகும், சி 12.3ல அதையும் மீதி 4.2யையும் எழுதணும். அதே 8 மணி நேரத்துக்கு 1 கனமீற்றர்னு போட்டா, துறைமுகப் பரிசோதகர் இயந்திரத்துத் தகட்டைப் பார்த்த உடனேயே பிடிச்சிடுவார். பில்ஜ் தண்ணியில இருந்து எண்ணெயைப் பிரிக்கிற செப்பரேட்டருக்கும் இதே சோதனை: வெளியேத்துற தண்ணியில எண்ணெய் 15 பிபிஎம் (பத்து லட்சத்துல 15 பங்கு) எல்லைக்குள்ள சரியா இருந்தாலும், ஓடின நேரமும் வெளியேத்தின அளவும் பொருந்தணும். டாங்கி மட்டம் அளந்து எழுதுற சவுண்டிங் புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க.

மல்லியப்புச் சந்தி:
நன்றி அண்ணே. ஓய்வு நேரப் பதிவு?

பண்டாரவளை செக்கன்:
24 மணி நேரத்துல குறைஞ்சது 10, 7 நாளில 77. அந்த 10ஐ ரெண்டு துண்டா மட்டும்தான் பிரிக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 20 மணிக்கு வோச் முடிஞ்சு படுத்தவரை நடுராத்திரி பங்கரிங்குக்கு (கப்பலுக்கு எரிபொருள் ஏத்துறது) எழுப்பினா அந்த 6 உடைஞ்சிடும். வேலை செஞ்ச நேரத்தை ஓய்வுன்னு எழுதிடாதீங்க. பங்கரிங் நேரம் ஒயில் ரெக்கோர்ட் புத்தகத்துல எச் பிரிவுல இருக்கும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.